வாசனை திரும்ப ஆபரேஷனா, ஸ்பிரேயா, மாத்திரையா? நாள்பட்ட சைனஸ் உள்ளவர்களுக்கு ஓர் ஒப்பீடு

"ஆபரேஷன் பண்ணிட்டா வாசனை வந்துருமாக்கா?"

போடியில் நான் வேலை பார்க்கும் ஏலக்காய்க் கடையில் தரம் பிரிக்க வரும் பெண் போன மாதம் இப்படிக் கேட்டாள். அவளுக்கு இரண்டு வருடமாக மூக்கடைப்பு, ஒரு வருடமாக வாசனையே இல்லை. தேனியில் பார்த்த டாக்டர் ஆபரேஷன் என்கிறார். குமுளி தாண்டிப் போய்ப் பார்த்த டாக்டர் மூன்று மாதம் ஸ்பிரே அடித்துவிட்டு வா என்கிறார். "மூக்குச் சதை திரும்பவும் வளரத்தான் போகுது, எதுக்குக் காசைக் கரைக்கணும்" என்பது அவள் மாமியார் வீட்டின் பேச்சு. மூன்றுமே அரைகுறையாக உண்மைதான். அதனால்தான் அவளால் முடிவெடுக்க முடியவில்லை.

ஆறு வருடத்துக்கு முன்னால் இதே குழப்பத்தில் நானும் இருந்தேன். புதுக் காயா, போன வருடச் சரக்கா என்பதைக் கையில் எடுத்து நசுக்கி முகர்ந்து சொல்லும் வேலை என்னுடையது. மூக்கு போன பிறகு எட்டு மில்லிமீட்டர் உயர்தரக் காயும் உமியும் எனக்கு ஒன்றுதான். பல வழிகளையும் பார்த்துவிட்டு ஆபரேஷனும் செய்துகொண்டேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னதை இங்கே சேர்த்து எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. எந்தக் கேள்வியோடு டாக்டரிடம் போக வேண்டும் என்பதற்கு இது உதவும்.

## வாசனை ஏன் போகிறது

ஒப்பிடுவதற்கு முன்னால் இதைப் புரிந்துகொள்ள வேண்டும். எந்த வழி யாருக்கு என்பது இதில்தான் அடங்கியிருக்கிறது.

புருவங்களுக்கு நடுவே பொட்டு வைக்கிறோமே, கிட்டத்தட்ட அந்த மட்டத்தில், மூக்கின் உச்சியில் ஒரு குறுகலான இடுக்கு உண்டு. வாசனையைப் பிடிக்கும் நரம்பணுக்கள் அந்த இடுக்கின் சவ்வில் இருக்கின்றன. அதன் கூரை எலும்பு சல்லடை மாதிரி ஓட்டை ஓட்டையாக இருக்கும். அந்த ஓட்டைகள் வழியாகத்தான் நரம்பு இழைகள் மூளைக்குப் போகின்றன.

நாள்பட்ட சைனஸ் என்றால் பன்னிரண்டு வாரத்துக்கு மேல் விடாமல் இருக்கும் அழற்சி. பெரியவர்கள் பீனிசம் என்பார்கள். அது வாசனையை இரண்டு விதமாகக் கெடுக்கும். ஒன்று, வழி அடைபடுவது. வீக்கத்தாலோ சதை வளர்ச்சியாலோ (அழற்சியால் மூக்குக்குள் வளரும் மென்மையான சதை, பாலிப் என்பார்கள்) காற்று அந்த இடுக்குக்குப் போய்ச் சேராது. இரண்டு, இடுக்கின் சவ்வே வீங்கிப் புண்பட்டு, நரம்பணுக்கள் சரியாக வேலை செய்யாமல் போவது. பலருக்கு இரண்டும் கலந்தே இருக்கும்.

ஆபரேஷன் முதலாவதை நேரடியாகச் சரிசெய்கிறது. இரண்டாவதற்கு மருந்து போக வழி மட்டும் திறந்து வைக்கிறது. இந்த ஒரு விஷயம் மனதில் நின்றால் மற்றதெல்லாம் எளிது. வாசனை நரம்பணுக்கள் வாழ்நாள் முழுவதும் புதிதாக முளைத்துக்கொண்டே இருப்பவை. அதனால் அழற்சி அடங்கினால் வருடக்கணக்காகப் போன வாசனையும் திரும்ப இடம் உண்டு.

## எதை வைத்து ஒப்பிடுவது

நான் பார்த்தது ஐந்து விஷயம்: வாசனை திரும்ப எவ்வளவு வாய்ப்பு, திரும்பியது எத்தனை நாள் நிற்கும், உடம்புக்கு என்ன ஆபத்து, கண்ணுக்குத் தெரியாத செலவு என்ன, அப்புறம் அதைத் தினமும் தொடர்ந்து செய்ய நம்மால் முடியுமா. கடைசியை யாரும் கேட்பதே இல்லை. நான் சறுக்கியது அங்கேதான்.

இந்த ஐந்துக்கும் முன்னால் டாக்டரிடம் தெரிந்துகொள்ள வேண்டியவை சில உண்டு. மூக்கில் சதை இருக்கிறதா? இரண்டு பக்கமுமா, ஒரு பக்கம் மட்டுமா? ஒரு பக்கம் மட்டும் சதை, அடைப்பு, ரத்தம் என்றால் ஸ்பிரே அடித்துக் காத்திருக்கக் கூடாது. ஸ்கேனும், தேவைப்பட்டால் சதையில் சிறு துண்டு எடுத்துச் செய்யும் பரிசோதனையும் உடனே வேண்டும். இழுப்பு (ஆஸ்துமா) இருக்கிறதா? ஆஸ்பிரின் மாதிரி வலி மாத்திரை போட்டால் இழுப்பு வருகிறதா? வலி மாத்திரை ஒவ்வாமை, இழுப்பு, மூக்குச் சதை மூன்றும் சேர்ந்தவர்களுக்குச் சதை சீக்கிரம் திரும்ப வளரும். கொரோனாவிலோ காய்ச்சலிலோ ஒரே நாளில் வாசனை போய், மூக்கு மட்டும் திறந்தே இருக்கிறதா? தலையில் அடிபட்ட பிறகு போனதா? அப்படியானால் சைனஸ் ஆபரேஷன் அதற்கு மருந்தல்ல.

## உப்புநீர்க் கழுவலும் ஸ்டீராய்டு ஸ்பிரேயும்

ஆரம்பிக்க வேண்டிய இடம் இதுதான். ஸ்டீராய்டு என்பது வீக்கத்தை அடக்கும் மருந்து. சதை இல்லாமல் வீக்கம் மட்டும் உள்ளவர்கள் பலருக்கு இதுவே போதும். ஆனால் பத்து நாள் அடித்துவிட்டுக் கேட்கவில்லை என்று சொல்லக் கூடாது. எட்டு முதல் பன்னிரண்டு வாரம் தினமும் செய்தால்தான் கேட்கிறதா இல்லையா என்றே சொல்ல முடியும்.

அடிக்கும் முறை முக்கியம். வலது கையால் இடது மூக்கிலும், இடது கையால் வலது மூக்கிலும் அடிக்க வேண்டும். முனை நடுத்தண்டை (இரண்டு துளைகளுக்கும் நடுவே உள்ள சுவரை) பார்க்காமல் காதுப் பக்கம் பார்க்க வேண்டும். அடித்ததும் பலமாக உறிஞ்சினால் மருந்து தொண்டைக்குப் போய்விடும். முதலில் உப்புநீரில் கழுவி, கொஞ்சம் விட்டு ஸ்பிரே. நான் ஒரு வருடம் நடுத்தண்டிலேயே அடித்து ரத்தம் வரவைத்துக்கொண்டிருந்தேன். சொல்லிக்கொடுக்க ஆளில்லை.

கழுவும் தண்ணீர் விஷயத்தில் அலட்சியம் கூடவே கூடாது. கேரளத்தில் 2024, 2025 ஆண்டுகளில் மூளையைத் தாக்கும் அமீபாத் தொற்றில் உயிர்கள் போனது எல்லோருக்கும் தெரியும். அந்த வகை அமீபா ஒன்று மூக்கு வழியாகத்தான் மூளைக்குப் போகிறது. குழாய்த் தண்ணீர், கிணற்றுத் தண்ணீர், ஓடைத் தண்ணீர் எதையும் அப்படியே மூக்கில் விடாதீர்கள். கொதி வந்த பிறகு ஒரு நிமிடமாவது கொதிக்கவிட்டு ஆறவைத்த தண்ணீர் வேண்டும். நான் ஐந்து நிமிடம் விடுவேன். உப்புக்கு மருந்துக் கடைப் பொட்டலம் வாங்கலாம். வீட்டில் செய்வதானால் அயோடின் சேர்க்காத உப்பு மூன்று பங்கு, சமையல் சோடா ஒரு பங்கு கலந்து வைத்து, கால் லிட்டர் தண்ணீருக்கு அந்தக் கலவை ஒரு டீஸ்பூன்.

மறைந்த செலவு: 120 அடிப்பு உள்ள ஒரு புட்டி, பக்கத்துக்கு இரண்டு வீதம் தினமும் அடித்தால் சரியாக ஒரு மாதம் வரும். மாதாமாதம் சில நூறு ரூபாய். இன்னொரு செலவு காலம். மூக்கு முழுக்கச் சதை நிறைந்திருந்தால் மருந்து மேலே போக வழியே இல்லை. ஸ்பிரேயை மட்டும் நம்பி வருடங்களைத் தொலைப்பதும் ஒரு நஷ்டம்தான்.

இங்கே இன்னொன்றைச் சொல்ல வேண்டும். மருந்துக் கடையில் கேட்டால் கொடுக்கும், உடனே மூக்கைத் திறக்கும் சொட்டு மருந்து வேறு, ஸ்டீராய்டு ஸ்பிரே வேறு. அந்தச் சொட்டு மருந்தை ஒரு வாரத்துக்கு மேல் விட்டால், நிறுத்தும்போது அடைப்பு முன்னைவிட அதிகமாக வரும். பிறகு அது இல்லாமல் தூக்கமே வராது. ஏலத் தோட்டத்து வேலைக்கு ஜீப்பில் போகும் பெண்கள் பலர் இடுப்புச் சுருக்குப் பையில் அதை வைத்திருப்பதைப் பார்க்கிறேன். மனசு கஷ்டமாக இருக்கிறது.

## குறுகிய கால ஸ்டீராய்டு மாத்திரை

மிக வேகமானது இது. ஒன்று இரண்டு வாரம் மட்டும், டாக்டர் சொன்ன அளவில். எனக்கு மாத்திரை தொடங்கிய நான்காம் நாள் காலையில் அடுப்பில் காய்ந்த கடுகெண்ணெய் மணந்தது. உட்கார்ந்து அழுதேன். மூன்று வாரத்தில் மறுபடியும் எல்லாம் போய்விட்டது.

ஆனால் அந்த மூன்று வாரம் வீண் இல்லை. மாத்திரையில் வாசனை வந்து போனால், நரம்பு உயிரோடு இருக்கிறது, தடுப்பது வீக்கமும் சதையும்தான் என்பதற்கு அது நல்ல அடையாளம். அப்படிப்பட்டவர்களுக்கு ஆபரேஷனாலும் பலன் கிடைக்க வாய்ப்பு கூடுதல். வாசனை அவ்வப்போது வந்து வந்து போகிறவர்களுக்கும் இதே நம்பிக்கை உண்டு. மாத்திரைக்கும் அசையவில்லை என்றால் கதவு மூடிவிட்டது என்று அர்த்தமில்லை; எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

ஆபத்து: சர்க்கரை ஏறும், ரத்த அழுத்தம் ஏறும், தூக்கம் கெடும், வயிறு எரியும். அடிக்கடி போட்டால் எலும்பு தேயும், கண் அழுத்தம் கூடும். அபூர்வமாக இடுப்பு மூட்டு எலும்பே கெட்டுப்போகும். வருடத்துக்கு ஒன்று, அதிகம் போனால் இரண்டு முறை என்பதே மருத்துவ வழிகாட்டிகள் சொல்லும் எல்லை. நான் பழைய சீட்டைக் காட்டி இரண்டாவது தடவை நானே வாங்கிப் போட்டேன். சாப்பிட்ட பிறகு பார்த்த சர்க்கரை 200-ஐத் தாண்டி நின்றது. தயவுசெய்து யாரும் அப்படிச் செய்யாதீர்கள்.

## என்டோஸ்கோப்பி ஆபரேஷன்

வெளியே கத்தி படாது. மூக்குத் துளை வழியாகக் கேமராக் குழாயை விட்டு, சதையை எடுத்து, சைனஸ் வாசல்களை அகலப்படுத்துவார்கள். முழு மயக்கம் கொடுப்பார்கள். ஓரிரு நாள் மருத்துவமனையில் இருக்க வேண்டியிருக்கலாம்.

வாசனை விஷயத்தில் இதன் பலன் ஆளுக்கு ஆள் மாறும். சதை உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு ஓரளவாவது முன்னேற்றம் வருகிறது. சுத்தமாக வாசனை போனவர்களுக்குக் கிடைக்கும் மாற்றம், கொஞ்சம் குறைந்தவர்களுக்குக் கிடைப்பதைவிடப் பெரிதாகத் தெரியும். சதை இல்லாமல் வாசனை மட்டும் போனவர்களுக்கு இவ்வளவு பலன் எதிர்பார்க்க முடியாது. முன்பே ஓரிரு முறை ஆபரேஷன் ஆனவர்கள், வயதானவர்கள், புகைபிடிப்பவர்கள் ஆகியோருக்கும் பலன் குறையலாம். ஒரு சிலருக்கு ஒன்றும் மாறாது. மிகச் சிலருக்கு இருந்ததும் குறையும். இடுக்கில் தழும்பு ஒட்டிக்கொள்வது ஒரு காரணம். மூக்கடைப்பு, தலைபாரம், சளி நன்றாகச் சரியாகும் அளவுக்கு வாசனை சரியாகும் என்று எந்த நல்ல டாக்டரும் உறுதி கொடுக்க மாட்டார்.

டாக்டரிடம் நேராகக் கேட்க வேண்டிய கேள்விகள்: "ஸ்கேனில் வாசனை இடுக்கு அடைத்திருக்கிறதா? அங்கே உள்ள சதையைத் தொடுவீர்களா, எப்படி?" வாசனைச் சவ்வே அங்கேதான் இருப்பதால் அந்த இடத்தில் கை மிக மென்மையாகப் போக வேண்டும். இந்தக் கேள்வியைக் கேட்டதும் என் டாக்டர் ஸ்கேன் படத்தைத் திருப்பி வைத்துக் கால் மணி நேரம் விளக்கினார். ஆபரேஷனுக்கு முன் வாசனைப் பரிசோதனை செய்து எழுதி வைக்கவும் கேளுங்கள். பல இடங்களில் தாமாகச் செய்வதில்லை. முன்னால் எவ்வளவு இருந்தது என்று தெரியாவிட்டால் பின்னால் எதோடு ஒப்பிடுவது?

ஆபத்து: ரத்தப்போக்கு, கண்ணுக்குப் பாதிப்பு, மூளை நீர் கசிவு. பெரிய ஆபத்துகள் நூற்றில் ஒருவருக்கும் குறைவு. ஆனாலும் பூஜ்யம் இல்லை.

முதல் சில வாரம் மூக்கு முன்னைவிட மோசமாக இருக்கும். உள்ளே பொறுக்கு கட்டும், ரத்தம் கலந்த சளி வரும். அந்தச் சமயத்தில் வாசனை வரவில்லையே என்று உடைந்துபோகக் கூடாது. மூன்று முதல் ஆறு மாதம் ஆன பிறகுதான் கணக்குப் பார்க்க வேண்டும். எனக்கு ஐந்தாவது வாரம் வந்தது. முதலில் வந்தது ஏலக்காய் இல்லை, மழையில் நனைந்த சாக்கு. மூன்று நாள் கழித்துப் புளி கரைத்த தண்ணீர். ஏலக்காய் வர இன்னும் ஒரு மாதம் ஆனது.

மறைந்த செலவுதான் இதில் பெரிது. பொறுக்கு எடுக்க இரண்டு மூன்று தடவை போக வேண்டும். இரண்டு வாரம் பளு தூக்கக் கூடாது, மூக்கைச் சிந்தக் கூடாது, தூசியில் நிற்கக் கூடாது. தினக்கூலிக்காரர்களுக்கு அது இரண்டு வாரச் சம்பளம். எல்லாவற்றையும்விட முக்கியம்: கழுவலும் ஸ்பிரேயும் ஆபரேஷனுக்குப் பிறகும் தொடரும். வழி திறந்த பிறகுதான் அந்த மருந்து உள்ளே போய் வேலை செய்யவே ஆரம்பிக்கிறது. நான் எட்டாவது மாதம் "சரி, குணமாகிவிட்டது" என்று எல்லாவற்றையும் நிறுத்தினேன். அடுத்த சாரல் காலத்தில் வாசனை மங்கியது, ஸ்கேனில் சதை. மறுபடியும் கழுவ ஆரம்பித்து, முக்கால்வாசிதான் மீட்டிருக்கிறேன். அது என் தவறு.

## உயிரியல் ஊசிகள்

டுபிலுமாப் என்ற ஊசிக்கு மூக்குச் சதைக்காக 2019-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஓமலிசுமாப், மெபோலிசுமாப் ஊசிகளும் பின்னால் வந்தன. சதையை வளர்க்கும் அழற்சியையே இவை அடக்குகின்றன. வாசனை திரும்புவதில் டுபிலுமாப்பின் பலன் நன்றாகவே இருக்கிறது, சில வாரங்களிலேயே தெரிகிறது. இரண்டு வாரத்துக்கு ஒரு ஊசி, தோலுக்கடியில். நிறுத்தினால் நோய் திரும்பும். கண் சிவந்து உறுத்துவது சிலருக்கு வரும்.

விலை நம் போன்ற குடும்பங்களுக்கு எட்டாது. ஊசியைக் குளிர்ப்பெட்டியில் 2 முதல் 8 டிகிரியில் வைக்க வேண்டும்; மலை மேல் மின்சாரம் போய்ப் போய் வரும் இடத்தில் அதுவே ஒரு கவலை. ஆபரேஷனுக்குப் பிறகும் சதை வளர்ந்தவர்கள், கடுமையான இழுப்பும் சேர்ந்தவர்கள், மயக்க மருந்து தாங்காத உடம்புக்காரர்கள், நிறுவனக் காப்பீடு செலவை ஏற்கும் குடும்பத்தினர் ஆகியோர் கேட்டுப் பார்க்கலாம்.

## ஒரே பார்வையில்

| வழி | வாசனைக்குப் பலன் | எத்தனை நாள் நிற்கும் | முக்கிய ஆபத்து | மறைந்த செலவு |
|---|---|---|---|---|
| கழுவல் + ஸ்பிரே | மிதம். சதை குறைவானால் நல்லது | செய்யும்வரை | மூக்கில் ரத்தம். கெட்ட தண்ணீர் | மாதாமாதப் புட்டி, தினசரி நேரம் |
| ஸ்டீராய்டு மாத்திரை | வேகம், பெரும்பாலும் தெளிவு | சில வாரம், சில மாதம் | சர்க்கரை, அழுத்தம், எலும்பு | பரிசோதனைகள், பழகிப்போகும் ஆசை |
| ஆபரேஷன் | சதை உள்ளவர்களுக்கு நல்லது, உறுதி இல்லை | பராமரித்தால் பல வருடம் | ரத்தப்போக்கு. அபூர்வமாகக் கண், மூளை நீர் | கூலி இழப்பு, மறுவருகை, பிறகும் ஸ்பிரே |
| உயிரியல் ஊசி | சதை நோய்க்கு மிக நல்லது | போடும்வரை | கண் உறுத்தல் | விலை, குளிர்ப்பெட்டி |

வாசனைப் பயிற்சி என்று ஒன்று இருக்கிறது. அதைத் தனி வழியாக நான் வைக்கவில்லை. ஜெர்மனியின் டிரெஸ்டன் நகர ஆராய்ச்சியாளர்கள் 2009-இல் பரவலாக்கிய முறை அது. ரோஜா, யூக்கலிப்டஸ், எலுமிச்சை, கிராம்பு நான்கையும் காலை மாலை ஒவ்வொன்றாகச் சில நொடி முகர வேண்டும், குறைந்தது மூன்று மாதம். காய்ச்சலுக்குப் பிறகு வாசனை இழந்தவர்களுக்குத்தான் இதன் பலன் அதிகம் தெரிந்திருக்கிறது. சைனஸ்காரர்களுக்கு மேலே சொன்ன எதனோடும் துணைக்குச் சேர்க்கலாம். ஆபத்தும் இல்லை, செலவும் இல்லை. நம் ஊரில் கிராம்புக்கும் யூக்கலிப்டஸ் தைலத்துக்கும் பஞ்சமா?

## எந்த ஊரில் செய்வது

எல்லையோரத்தில் இதுவும் முடிவின் ஒரு பகுதி. போடி, கம்பம் ஆட்களுக்குக் கானாவிலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி பக்கம். பெரிய தனியார் மருத்துவமனை என்றால் மதுரை. வண்டன்மேடு, குமுளி, நெடுங்கண்டம் தமிழ்க் குடும்பங்கள் கோட்டயத்தையும் பார்க்கிறார்கள்.

முதலில் ரேஷன் கார்டைப் பாருங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் தமிழ்நாட்டுக் கார்டுக்கு; காருண்ய ஆரோக்கிய சுரக்ஷா பத்ததி கேரளக் குடும்பங்களுக்கு. வேலை மலையில், கார்டு கீழே என்று இருப்பவர்கள் பலர். சேர்வதற்கு முன்னால் அந்த மருத்துவமனைக் காப்பீட்டுப் பிரிவில் இந்தச் சிகிச்சையின் பெயரைச் சொல்லி, என் கார்டுக்குச் செல்லுமா என்று கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். ஸ்கேனும் பிந்தைய ஸ்பிரேயும் அதில் அடங்குமா என்றும் கேளுங்கள்.

அடுத்தது மறுவருகை. மழைக் காலத்தில் மண் சரிந்து மலைப்பாதை அடைபட்டால் பொறுக்கு எடுக்கும் நாள் தவறிப்போகும். தள்ளிப்போடக் கூடிய நிலையானால், ஏலக்காய் அறுவடை ஓய்ந்த பிறகு, மாசி பங்குனியில் செய்வது கூலிக்கும் நல்லது, சாலைக்கும் நல்லது.

## யாருக்கு எது

சதை இல்லை, அல்லது சிறிதாக இருக்கிறது. இதுவரை மூன்று மாதம் ஒழுங்காகக் கழுவி ஸ்பிரே அடித்ததில்லை என்றால் அதிலேயே ஆரம்பியுங்கள். ஆபரேஷன் எங்கும் ஓடிவிடாது.

இரண்டு பக்கமும் சதை நிறைந்திருக்கிறது, ஒழுங்காக மருந்து எடுத்தும் பலனில்லை, மாத்திரையில் வாசனை வந்து போனது என்றால் நான் ஆபரேஷன் பக்கம்தான் நிற்பேன். பூஞ்சை ஒவ்வாமையால் சைனஸ் அடைத்தவர்களுக்கும் ஆபரேஷன்தான் முதல் படி. ஆனால் பிறகு வருடக்கணக்கில் கழுவ மனசு இருக்கிறதா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். இல்லை என்றால் அந்தப் பணம் எட்டு மாதத்து வாசனைக்குத்தான்.

சர்க்கரை உள்ளவர்கள் மாத்திரையைக் கடைசியில் வைத்து, டாக்டர் கண்காணிப்பில் மட்டும் எடுங்கள்.

எந்த வழியில் போனாலும், வாசனை இல்லாத நாட்களில் கேஸ் அடுப்பு விஷயத்தில் கவனமாக இருங்கள். கசிந்தால் தெரிய வேண்டும் என்றுதான் கேஸில் அந்த நாற்றத்தையே கலக்கிறார்கள். நமக்கு அது எட்டாது. ஒரு நாள் அடுப்பின் குமிழை மூடாமல் நான் நின்றுகொண்டிருக்க, கூடத்தில் இருந்த என் அத்தை கத்தியபடி ஓடிவந்து கேஸை மூடினார். அன்றே கசிவு எச்சரிக்கைக் கருவி வாங்கிச் சமையலறைத் தரையோரம் மாட்டினோம். கேஸ் காற்றைவிடக் கனம், கீழேதான் தங்கும்.

கேட்ட அந்தப் பெண்ணுக்கு ஸ்கேன் எடுத்தாயிற்று. இரண்டு பக்கமும் சதை, ஆனால் இடது இடுக்கு பாதி திறந்திருக்கிறது. ஸ்பிரே அவள் முன்பு அடித்தது மொத்தம் பதினைந்து நாள், அதுவும் நடுத்தண்டில். அதனால் இரண்டு டாக்டர்களிடமும் சொல்லிவிட்டு மூன்று மாதம் சரியாகச் செய்து பார்க்கிறாள். இப்போது ஐந்தாவது வாரம். தினமும் மதியம் ஒரு காயை நசுக்கி அவள் மூக்குக்கு நேரே நீட்டுகிறேன். இன்னும் ஒன்றும் இல்லை என்கிறாள். மாசி வரை பார்த்துவிட்டு, தேனி டாக்டரிடம் ஆபரேஷனுக்கு நாள் கேட்பதாக இருக்கிறாள்.